கரடி வாத்தியாரும் ஏழாவது படியும்

படப்பிடிப்பு ஆட்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஆயாம்மாவைச் சமையலறையில் இருக்கச் சொல்லியாகிவிட்டது. சொன்னவள் குட்டியின் அம்மா. எடுத்த எடுப்பில் சொல்லவில்லை. முதலில் ஆயாம்மாவின் சேலையைப் பார்த்தாள், பிறகு கூடத்தில் புதிதாக உறை மாட்டிய சோபாவைப் பார்த்தாள், அப்புறம் "நீங்க உள்ளயே இருந்தா எங்களுக்கு ஒத்தாசையா இருக்கும்" என்றாள். ஒதுங்கிப் போ என்பதை ஒத்தாசை என்று சொல்ல நிறையப் படித்திருக்க வேண்டும். ஆயாம்மா தலையாட்டிவிட்டு உள்ளே போய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்களை எடுத்து மறுபடியும் கழுவினாள்.

எல்லாம் ஒரு குளியலில் தொடங்கியது. மூன்று வாரத்துக்கு முன் ஆயாம்மா குட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, கதவுக்கு வெளியே அம்மா வந்து நின்றாள். உள்ளே மூன்றரை வயதுக் குரல் "பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு" என்று முடித்தது. அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தினமும் காலை பத்து மணிக்கும் மத்தியானம் மூன்று மணிக்கும் வரும் குழந்தைகள் நிகழ்ச்சிக்கு அங்கேயே நின்று ஃபோனில் கடிதம் எழுதினாள். அந்த நிகழ்ச்சியில் மூக்குக் கண்ணாடி போட்ட கரடி பொம்மை ஒன்று பாடம் நடத்தும். வீட்டில் அதற்குக் கரடி வாத்தியார் என்று பெயர். எங்கள் குழந்தைக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான், நன்றி என்று போயிற்று கடிதம். "நாங்க படியில எண்ணுவோம்மா" என்று ஆயாம்மா துண்டும் கையுமாகச் சொன்னது யார் காதிலும் விழவில்லை. மறுவாரமே பதில் வந்தது, வீட்டுக்கே வந்து படம் பிடிக்கிறோம் என்று.

அன்று மாலையே இன்னொரு முடிவும் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து ஆயாம்மா மத்தியானம் வரை வந்தால் போதும். அதன் பிறகு அம்மா வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்ப்பாள், குட்டி பக்கத்தில் இருப்பாள், டிவியைப் போட்டால் அவளே கற்றுக்கொள்கிறாளே. ஆறு மாதக் குழந்தையாகக் கைக்கு வந்தவள். அவளுடைய மத்தியானத் தூக்கம், எழுந்ததும் வரும் சிணுங்கல், சாயங்காலம் கீழே இறங்கிப் பூனையைத் தேடுவது, எல்லாம் ஆயாம்மாவின் நேரம். அந்தப் பாதி நாளை ஒரு கரடிக்குத் தூக்கிக் கொடுத்தார்கள்.

இத்தனைக்கும் கரடி வாத்தியார்மேல் ஆயாம்மாவுக்குக் கோபம் எதுவும் இல்லை. சொல்லப்போனால் அவருடைய முதல் மாணவியே அவள்தான். குட்டி வாயில் விரலைப் போட்டுக்கொண்டு திரையையே வெறித்துக் கிடப்பாள். வாத்தியார் "ரெண்டுக்கு அப்புறம் என்ன, குழந்தைகளே?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். குழந்தை வாயே திறக்காது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஆயாம்மாதான், பாவம் கேட்டுவிட்டாரே என்று "மூணு" என்பாள். அவளை யாரும் அப்படிக் கேட்டுவிட்டுக் காத்திருந்ததில்லை. கேட்பார்கள், உடனே குட்டு விழும். இந்தக் கரடி பொறுமையாக நிற்பது அவளுக்குப் பிடித்துப் போயிற்று. அதையே அவள் படிக்கட்டுக்குக் கொண்டு போனாள்.

அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் உண்டு. அதன் கதவுக்குப் பக்கத்தில் வேலையாட்கள் படிக்கட்டைப் பயன்படுத்தவும் என்று பலகையும் உண்டு. ஆகவே முதல் மாடிக்கு ஆயாம்மாவும் குட்டியும் படியில்தான் ஏறி இறங்குவார்கள். மொத்தம் பதின்மூன்று படிகள். ஒவ்வொரு படியிலும் ஆயாம்மா நிற்பாள், கேட்பாள், காத்திருப்பாள். குட்டி சொன்ன பிறகுதான் அடுத்த படி. மழையோ வெயிலோ, காய்கறிப் பை கையை அறுத்தாலும் அப்படித்தான். ஏழாவது படி மட்டும் விளிம்பு உடைந்து கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. ஏறினாலும் இறங்கினாலும் அதுவே ஏழாவது. குடியிருப்போர் சங்கத்தில் சொல்லிச் சொல்லி இரண்டு வருடம் ஆயிற்று. லிஃப்டில் போகிறவர்களுக்குப் படியைப் பற்றி என்ன கவலை. "ஏழு உடைஞ்சிருக்கு, கால் வைக்கக் கூடாது" என்று ஆயாம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள். ஆறு என்றதும் குட்டி வலது கையைத் தூக்குவாள், ஆயாம்மா அதைப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்குவாள், எட்டில் போய் இறங்குவார்கள்.

படப்பிடிப்பு ஆட்கள் நான்கு பேர். கூடத்து மேசை நாற்காலிகளை ஓரங்கட்டி, குட்டியைக் கம்பளத்தில் நிற்க வைத்து, முகத்துக்கு நேரே விளக்கைப் போட்டார்கள். இயக்குநர் அம்மாள் நல்ல மாதிரிதான், சிரித்துச் சிரித்துப் பேசினாள். எண்ணச் சொன்னாள். குட்டி கணீரென்று ஆரம்பித்தாள். ஆறு வரை வந்தவள் கையைத் தூக்கி ஒரு குதி குதித்து "எட்டு" என்றாள். மறுபடி எண்ணச் சொன்னார்கள். மறுபடியும் அதே குதி. உட்கார்த்தி வைத்தார்கள், ஆறு வந்ததும் எழுந்து குதித்தாள்.

"ஏழு எங்கடா செல்லம்?" என்று இயக்குநர் குனிந்து கேட்டாள்.

"ஏழு உடைஞ்சிருக்கு" என்றாள் குட்டி.

விளக்குப் பிடித்திருந்தவர் சிரித்துவிட்டார். அம்மாவின் முகம் சிவந்தது. சமையலறை வாசலில் இருந்து ஆயாம்மா "படிம்மா, அது ஏழாவது படி" என்று ஆரம்பித்தாள். அதற்குள் அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அந்தம்மாவைக் கொஞ்சம் உள்ளே இருக்கச் சொல்லுங்கள், குழந்தைக்குக் கவனம் சிதறுகிறது என்றார் ஒருவர். கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவுக்குப் பின்னால் ஆயாம்மா இன்னும் நான்கு முறை அந்தக் குதியைக் கேட்டாள். கடைசியில், எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விளக்கை அணைத்தார்கள்.

அவர்கள் போனதும் அம்மா சமையலறைக்கு வந்தாள்.

"குழந்தைகிட்ட என்னத்தச் சொல்லி வச்சிருக்கீங்க ஆயாம்மா? ஏழு உடைஞ்சிருக்காம். தெரியலைன்னா சொல்லிக்கொடுக்காம விட்டிருக்கலாம்ல?"

அநியாயத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? பன்னிரண்டு எண்களைச் சொன்னதெல்லாம் கரடியின் கெட்டிக்காரத்தனம், விட்டுப்போன ஒன்று மட்டும் ஆயாவின் தப்பு. மூன்று வருடமாக "சரிங்கம்மா" என்பதைத் தவிர வேறு பதில் சொல்லியிராத ஆயாம்மாவுக்கு அன்று அது வாயில் வரவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் கரடி பத்துக்கு மேல எண்ணி நீங்க பாத்திருக்கீங்களாம்மா?"

அம்மா அந்த நிகழ்ச்சியை ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

"நம்ம படிக்கட்டுல பதிமூணு படி இருக்கு. ஏழாவது உடைஞ்சு கெடக்கு. லிஃப்ட்ல நான் ஏறக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கீங்க. அப்ப எங்க நின்னு எண்ணுறது நாங்க? ஒரு நாள் படியில இறங்கிப் பாருங்கம்மா."

அம்மாவின் ஃபோன் அடித்தது. அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று வெளியே போகும்போதும் அம்மா லிஃப்டில்தான் போனாள்.

நிகழ்ச்சி ஒளிபரப்பான அன்றுதான் ஆயாம்மாவுக்கு அந்த வீட்டில் கடைசி முழு நாள். அம்மா அரை நாள் விடுப்புப் போட்டிருந்தாள். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. சோபாவில் அவள், தரையில் குட்டி, சமையலறை வாசலில் நின்றபடி ஆயாம்மா. கரடி வாத்தியார் வந்தார். நம்மோடு வீட்டிலேயே படித்த ஒரு செல்லக்குட்டியைப் பார்ப்போமா என்றார். திரை நிறையக் குட்டியின் முகம் வந்தது.

"நாலு, அஞ்சு, ஆறு."

முகம் மேலே போய்விட்டது. திரையில் கவுன் பையும் இரண்டு பொத்தான்களும்தான் கண்ணில் பட்டன. "ஏழு!" என்றது கரடியின் குரல். முகம் கீழே வந்து "எட்டு" என்றது.

வாத்தியார் கைதட்டினார். அம்மா படம் எடுத்து அனுப்புவதற்காக ரிமோட்டால் காட்சியைப் பின்னால் ஓட்டினாள். சிரிக்கிற முகம் வரும் என்று நிறுத்தினாள். நின்றது முகம் இல்லாத இடத்தில். கவுனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வலது கை பக்கவாட்டில் நீண்டு, திரையின் விளிம்புவரை போய், விரல்களை இறுக்கி மூடியிருந்தது. எதையோ விடாமல் பிடித்திருக்கிற கை. அம்மா ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தாள், படம் எடுக்கவில்லை.

"இவ என்னத்தப் புடிச்சிருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. ஆயாம்மா வாசலிலேயே நின்றாள். சொல்ல வேண்டியதை அன்றே சொல்லியாயிற்று.

குட்டி எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள். திரையில் இருந்த தன் கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஓர் அடி நகர்ந்து, திரை முடிந்த இடத்துக்கு அப்பால் இருந்த வெற்றுச் சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"ஆயாம்மா இங்க இருக்காங்க" என்றாள்.