‘ப்ளீஸ்’ இருபதாவது பாடத்தில்

பிள்ளைகள் வரவில்லை என்ற செய்தி சத்திரத்து மண்டபத்துக்குள் வந்தபோது மங்களேஸ்வரி ஒரு கையில் சிவப்புப் பந்தும் மறு கையில் மர ஸ்கேலுமாக மேடையோரம் நின்றுகொண்டிருந்தாள். மணி பத்தே கால். பத்தரைக்கு அவள் மாதிரிப் பாடம் நடத்த வேண்டும். பாடம் கேட்பதற்கென்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேரை ஒரு வாத்தியார் தென்காசியில் பஸ் ஏற்றிக் குற்றாலம் வரைக்கும் ஒழுங்காகத்தான் கூட்டி வந்திருக்கிறார். வந்த இடத்தில், நேரம்தான் இருக்கிறதே, அருவியைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். ஆனி மாதக் கடைசி. பெரிய அருவி பாறை தெரியாமல் விழுந்துகொண்டிருந்தது. சீசன் சமயத்தில் அருவியைப் பார்த்துவிட்டு மட்டும் வந்த பிள்ளை இதுவரை பிறக்கவில்லை. கூப்பிட்டு வரச் சொல்லி அனுப்பிய ஆள் தொப்பலாக நனைந்து திரும்பி வந்தான். "ஒருத்தனும் ஏற மாட்டேங்கான். வாத்தியாரே உள்ளதான் நிக்காரு" என்றான்.

அறுபதாம் வருஷம் அது. இங்கிலீஷைப் புதுமுறையில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. புதுமுறையில் இலக்கணம் கிடையாது, மனப்பாடம் கிடையாது, தமிழில் அர்த்தம் சொல்வது அறவே கிடையாது. எதைச் செய்கிறோமோ அதைச் செய்துகொண்டே இங்கிலீஷில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதை விளக்கத்தான் இந்த மாநாடு. தென்காசி வட்டாரத்து இங்கிலீஷ் வாத்தியார்கள் அறுபது பேர் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, அவர்களுக்கு முன்னால் மெத்தை போட்ட நாற்காலிகளில் எட்டு மேனேஜர்கள் இருந்தார்கள். மேனேஜர் என்றால் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தக்காரர். கட்டடம் அவருடையது, வாத்தியாரை வைப்பதும் எடுப்பதும் அவர் கையில். படம், பலகை என்று புதுமுறைக்கு வேண்டிய சாமான்களை அவர்கள் மனது வைத்தால்தான் வாங்க முடியும் என்பதால் அவர்களுக்கும் அழைப்பு. எட்டுப் பேரும் சட்டையில் காகிதப்பூ குத்திக்கொண்டு, இங்கிலீஷ் வரவேற்புரைக்கு ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்து ஒன்றுபோலத் தலையாட்டி முடித்திருந்தார்கள்.

மங்களேஸ்வரிக்கு மாதிரிப் பாடம் நடத்த ஆசை ஒன்றும் இல்லை. வடகரைப் பள்ளியில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது மாதம்தான் ஆகிறது, அதுவும் பிரசவ லீவில் போன ஒரு டீச்சரின் இடத்தில். பாடம் நடத்த வேண்டியவர் ஹெட்மாஸ்டர் செல்லப்பா. அவர் கடைசி நேரத்தில் முழங்கால் வலி என்று சொல்லி இவள் பெயரை எழுதி அனுப்பிவிட்டு, அந்த முழங்காலோடு காலையில் இரண்டு தடவை அருவியில் குளித்துவிட்டும் வந்திருந்தார். போன டீச்சர் இனித் திரும்புவதாக இல்லை. அந்த இடத்துக்கு நிரந்தர உத்தரவை செல்லப்பா இரண்டு வாரத்துக்கு முன்பே டைப் அடித்துவிட்டார். பெயருக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது. "பேரைப் பொறவு சொல்லுதேன். இடம் விட்டு அடியும்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மேனேஜரின் மைத்துனர் மகன் குத்தாலிங்கம் பயிற்சி முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறான் என்பது வடகரை முழுக்கத் தெரியும். அவன் பெயர் ஏறிவிட்டால் மங்களேஸ்வரி பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊர் வாசுதேவநல்லூருக்குப் போக வேண்டியதுதான். அங்கே அவளுக்குச் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் காலையில் உள்ளே நுழைந்ததும் நாற்பது பிள்ளைகள் எழுந்து நிற்கிற அந்த அறை அங்கே இல்லை. அதை விட்டுப் போக அவளுக்கு மனசே இல்லை.

அந்த மேனேஜர், ஆவுடையப்ப பிள்ளை, இதோ முதல் வரிசையில் முதல் நாற்காலியில் இருக்கிறார். தேங்காய் வியாபாரி. ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தவர், தான் மட்டும் மூன்றாம் வகுப்போடு நின்றவர். இங்கிலீஷில் எந்தக் காகிதம் வந்தாலும், "கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன், நீரே வாசியும் சார்வாள்" என்று செல்லப்பாவிடம் நீட்டுவார். கண்ணாடி சட்டைப் பையில் இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். செல்லப்பா அதைப் பார்க்காமல் வாசிப்பார். இந்த ஒன்பது மாதத்தில் மங்களேஸ்வரி அவர் முன்னால் உட்கார்ந்ததில்லை. "சரிங்கய்யா" என்பதற்கு மேல் பேசியதும் இல்லை.

மாநாட்டை நடத்த வந்திருந்த பயிற்சி அதிகாரி ஞானதீபம் அம்மாள் பாளையங்கோட்டைக்காரர். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, எதற்கும் அசையாத முகம். பிள்ளைகள் இல்லை என்றதும் மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "இங்கிலீஷே தெரியாதவங்களுக்குத்தான் இந்த முதல் பாடம். வாத்தியார்மார் தெரியாத மாதிரி நடிச்சா எடுபடாது" என்றார். அப்புறம் முன்வரிசைப் பக்கம் திரும்பினார். "மேனேஜர் ஐயாக்களுக்கு இங்கிலீஷ் நல்லாத் தெரியும்னு எனக்குத் தெரியும். ஒரு அரைமணி நேரம், தெரியாதவங்க மாதிரி உக்காந்து உதவி செய்யணும்."

எட்டு மேனேஜர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இதைவிட மரியாதையாக அவர்களை யாரும் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்க முடியாது. தென்காசி ஜவுளிக்கடை அகமது கபீர் சாயபுதான் முதலில் சிரித்தார். "அதுக்கென்னம்மா, ரொம்பச் சிரமப்பட்டு நடிக்கோம்" என்றார்.

மங்களேஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. பாடத்தின் முதல் வார்த்தை ‘ஸ்டாண்ட் அப்’. நாற்பது பிள்ளைகளிடம் தினமும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் மேனேஜரிடம் எப்படிச் சொல்வது? தமிழென்றால் சமாளிக்கலாம். ‘எந்திரிங்க’ என்றால் பாதி மரியாதை, ‘எந்திரிங்கய்யா’ என்றால் முழு மரியாதை, ‘கொஞ்சம் எந்திரிக்கணும்’ என்று யாரிடம் என்றில்லாமல் பொதுவாகச் சொல்லியும் தப்பித்துக்கொள்ளலாம். இந்த இங்கிலீஷில் பிடித்துக்கொள்ள ஒரு வால் கூட இல்லையே. அவள் ஞானதீபம் அம்மாள் அருகில் போய் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, ஒரு ‘ப்ளீஸ்’ சேத்துக்கிடட்டுமா?"

"‘ப்ளீஸ்’ இருபதாவது பாடத்துல வருது. இன்னைக்கு முதல் பாடம்" என்றார் அவர். "முதல் நாற்காலியிலேருந்து ஆரம்பி."

அவள் பந்தையும் ஸ்கேலையும் மேடையில் வைத்துவிட்டு, முதல் நாற்காலிக்கு முன்னால் போய் நின்று "ஸ்டாண்ட் அப்" என்றாள். அது அவள் காதுக்கே கேட்கவில்லை. கை மட்டும் கல்யாண வீட்டில் பந்திக்கு அழைப்பதுபோல் தாழ்ந்து நீண்டது. ஆவுடையப்ப பிள்ளை, தன் பின்னால் இருக்கிற யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். பெஞ்சுகளில் யாரோ செருமினார்கள். செல்லப்பா முழங்காலைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்த்தார். வெளியே அருவியின் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. இப்படியே நின்றால் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று எல்லார் முன்னாலும் ஆகிவிடும், சொன்னாலோ மேனேஜரைப் பகைத்தது ஆகிவிடும் என்று அவள் யோசித்தாள். முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று தோன்றியது. வகுப்பில் கடைசிப் பெஞ்சுக்குக் கேட்கிற குரலை எடுத்து, "ஸ்டாண்ட் அப்" என்றாள். கை வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு நேராக உயர்ந்தது.

ஆவுடையப்ப பிள்ளை எழுந்துவிட்டார். யோசித்து எழுந்த மாதிரி தெரியவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முந்திய கால்கள் இரண்டு அவரைத் தூக்கி நிறுத்திவிட்டன. தோளில் கிடந்த துண்டு தானாகக் கைக்கு வந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"கோ டு தி டோர்." அவள் கதவைக் காட்டினாள். அவர் போனார். சாரலுக்காகச் சாத்தி வைத்திருந்த பெரிய கதவு அது. "ஓப்பன் தி டோர்" என்று அவள் தள்ளுவதுபோல் சைகை செய்து, தானே ஒருதரம், "ஐ ஆம் ஓப்பனிங் தி டோர்" என்று சொல்லிக் காட்டினாள். ஆவுடையப்ப பிள்ளைக்கு வியாபாரிக்குரிய ஞாபகசக்தி. கதவைத் தொடாமல் சபையைப் பார்த்துத் திரும்பி நின்று, கல்யாணப் பத்திரிகை வாசிப்பது போலக் கணீரென்று, "ஐ யாம் ஓப்பனிங் தி டோர்" என்றார். கபீர் சாயபு "ஆகா" என்றார். பெஞ்சுகளில் கைதட்டல் எழுந்தது. அவர் முகம் மலர்ந்துபோய்விட்டது.

"நோ" என்றாள் மங்களேஸ்வரி.

கைதட்டல் சட்டென்று நின்றது. அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. வகுப்பில் நூறு தடவை சொல்கிற வார்த்தை, பழக்கதோஷத்தில் வெளியே விழுந்துவிட்டது. வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழியைப் போட்டு உடைத்துவிட்டோமே என்று நினைத்தாள். விழுந்த வார்த்தையை இனிப் பொறுக்கவா முடியும், பாடத்தையாவது முடிப்போம் என்று கதவுக்குப் போனாள். கைகளைக் கட்டிக்கொண்டு, "ஐ ஆம் ஓப்பனிங் தி டோர்" என்று சொல்லி, "நோ" என்று தலையாட்டினாள். பிறகு கதவில் கை வைத்துத் தள்ளுகிற பாவனையோடே சொல்லி, "யெஸ்" என்றாள். தமிழ் ஒரு வார்த்தை இல்லை. ஆவுடையப்ப பிள்ளை அவள் கையையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். நெற்றி சுருங்கி, பிறகு விரிந்தது.

"ஓகோ" என்றார். "செய்யாமச் சொன்னா செல்லாது."

திரும்பிக் கதவில் இரண்டு கையையும் வைத்து, "ஐ யாம் ஓப்பனிங் தி டோர்" என்று சொல்லிக்கொண்டே தள்ளினார். கதவு திறந்தது. சாரல் முகத்தில் அடித்தது. வாசலில், சொட்டச் சொட்ட நனைந்து, உதடு நடுங்கிக்கொண்டு இருபது பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். வரிசைக் கடைசியில் அவர்களுடைய வாத்தியார், வேட்டியைப் பிழிந்தபடி. கையில் துண்டோடு கதவைத் திறந்த பெரியவரைக் கண்டதும் பிள்ளைகள் அவர்தான் பாடம் நடத்த வந்த அதிகாரி என்று நினைத்து, "குட்மார்னிங் சார்" என்று ஒரே குரலில் கத்தினார்கள்.

ஆவுடையப்ப பிள்ளை அசரவில்லை. காலையில் மாநாடு தொடங்கும்போது காதில் விழுந்த ஒன்று அவரிடம் மிச்சம் இருந்தது. கையை மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே, "சிட் டவுன்" என்றார். இருபது பேரும் ஈரத் தரையில் பொத்பொத்தென்று உட்கார்ந்தார்கள். வாத்தியாரும் உட்கார்ந்துவிட்டார். மண்டபம் சிரித்த சிரிப்பில் அருவிச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்கவில்லை. ஞானதீபம் அம்மாள் முகத்தைக் குடைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எல்லாரும் சிரித்தார்கள், பாராட்டினார்கள், மத்தியானம் கபீர் சாயபு அவள் இலைக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னார். மேனேஜர் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்புகிற பஸ்ஸில் அவர் முன்னால் ஜன்னலோரம் இருந்தார். பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தபோது அவர் உதடு ஓயாமல் அசைவது தெரிந்தது. நம்மைத்தான் திட்டிக்கொண்டு வருகிறார் என்று நினைத்தாள். அவளுக்கு முன் ஸீட்டிலிருந்த செல்லப்பா திரும்பி, "எல்லாம் நல்லாத்தான் பண்ணுனீங்க டீச்சர். அந்த ‘நோ’தான்…" என்று இழுத்தார். அந்த இழுப்பு அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. சாயங்காலம் பெட்டியைத் திறந்து சேலைகளை மடித்து வைத்தாள். பிறகு, போகச் சொல்வதற்கு முன்னால் ஏன் போக வேண்டும் என்று கோபம் வந்து எல்லாவற்றையும் திரும்பக் கொடியில் போட்டாள்.

திங்கட்கிழமை முதல் பீரியட் பாதியில் செல்லப்பா வகுப்பு வாசலுக்கு வந்தார். "மேனேஜர் வந்திருக்காக. ஒங்களக் கூப்பிடுதாக" என்றார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

ஆபீஸ் அறையில் எப்போதும் ஒரே ஒரு நாற்காலிதான், அது மேனேஜருக்கு. இன்றைக்கு மேஜைக்கு இந்தப் பக்கம் இன்னொன்று கிடந்தது. தேங்காய் மண்டியிலிருந்து தூக்கி வந்திருக்க வேண்டும், காலில் நார் ஒட்டிக்கொண்டிருந்தது. மங்களேஸ்வரி அதற்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஆவுடையப்ப பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு நாற்காலியைக் காட்டினார்.

"சிட் டவுன்" என்றார்.

மரியாதையும் இல்லாமல் அவமரியாதையும் இல்லாமல் அந்த வார்த்தை மேஜைமேல் இருந்தது. தமிழில் அவரால் அவளை உட்காரச் சொல்லியிருக்க முடியாது என்பது அவளுக்குப் புரிந்தது. சொல்லியிருந்தாலும் அவள் உட்கார்ந்திருக்க மாட்டாள். நுனியில் உட்கார்ந்தாள். வாசலருகே நின்ற செல்லப்பா தன் காலை மாற்றிக்கொண்டார்.

மேனேஜர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "நான் வாசிக்கட்டுமாய்யா?" என்று செல்லப்பா ஓர் அடி முன்னால் வர, "வேண்டாம்வே, கண்ணாடி இருக்கு" என்றார். டைப் அடித்த காகிதத்தை மேஜைமேல் விரித்தார். அவளுக்கு அது தலைகீழாக இருந்தது. ஆனால் டெஸ்குக்கு எதிர்ப்புறம் நின்று பிள்ளைகளின் எழுத்தைத் தலைகீழாகவே படித்துத் திருத்துகிறவளுக்கு அது ஒரு பொருட்டா? இரண்டு வாரமாகக் காலியாகக் கிடந்த இடத்தில் புது மையில் ஒரு பெயர் ஏறியிருந்தது. ‘எம்’ என்று தொடங்கியது. குத்தாலிங்கம் ‘எம்’ இல்லை. அவளுக்குக் கண் கரித்துக்கொண்டு வந்தது; மூக்கை உறிஞ்சாமல் சமாளித்தாள்.

ஆவுடையப்ப பிள்ளை பேனா மூடியைக் கழற்றினார். "ஐ யாம்…" என்று தொடங்கி நின்று, அவளைப் பார்த்தார். "கையெழுத்துப் போடுததுக்கு என்னம்மா?"

"சைனிங், ஐயா."

"சைனிங்." வாயில் போட்டு ஒருதரம் ருசி பார்த்துக்கொண்டார். பேனாவை உயர்த்திப் பிடித்து, நிமிர்ந்து உட்கார்ந்து, செல்லப்பாவுக்கும் ஜன்னலுக்கு வெளியே விளையாடுகிற பிள்ளைகளுக்கும் கேட்கும்படி, "ஐ யாம் சைனிங்" என்று சொல்லிவிட்டு, எப்படி என்பதுபோல் அவள் முகத்தைப் பார்த்தார். பேனா அந்தரத்திலேயே நின்றது.

மங்களேஸ்வரி பேனாவைப் பார்த்தாள். காகிதத்தைப் பார்த்தாள். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"நோ" என்றாள்.

செல்லப்பா கண்ணை மூடிக்கொண்டார். மேனேஜர் ஒரு நொடி விழித்தார். பிறகு தன் கையைத் தானே பார்த்து, "அட, ஆமா" என்று சொல்லிக் குனிந்தார். நிப்பு காகிதத்தைத் தொட்டது. "ஐ யாம்" என்று மெல்லச் சொல்ல ஆரம்பித்தார்; சொல்லோடு சொல்லாக, நீல மையில், ‘ஆ’வன்னாவின் முதல் சுழி வளைந்துகொண்டிருந்தது.