மண்ணைத் தொடாத விழுது

கரும்பலகையில் 'வேர்கள்' என்று எழுதி, அதன் கீழே கேரட், முள்ளங்கி, நிலக்கடலை என்று எழுதினாள் தேவயானி டீச்சர். விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். பள்ளி கண்டாச்சிபுரத்துக்கு அப்பால்.

"மல்லாட்டை வேர்ல காய்க்காது டீச்சர்," என்றாள் ஏழாம் வகுப்பு பிரின்சி, நிலக்கடலை என்ற சொல்லைக் காட்டி. "பூவுலருந்து விழுது எறங்கும். அதுலதான் காய்க்கும்."

"நீ எந்தக் காலேஜ்ல படிச்சே?"

வகுப்பு சிரித்தது. பிரின்சி உட்கார்ந்தாள்.

எட்டு நாள் அவள் வாய் திறக்கவில்லை. மற்றவர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள். இந்தக் கேள்வி வகுப்புக்காகத் திண்டிவனத்தில் நடந்த பயிற்சியில் தேவயானிக்குச் சொன்னது ஒன்றுதான்: பதிலைச் சொல்லாதீர்கள், பிள்ளைகளைக் கேட்க விடுங்கள்.

ஒன்பதாம் நாள் காலை பள்ளிக்குப் பின்னாலிருந்த நிலக்கடலைக் கொல்லையில் தேவயானி இறங்கினாள். பூ வாடிய இடத்திலிருந்து ஊசிபோல ஒன்று மண்ணுக்குள் போயிருந்தது. இழுத்தாள். நுனியில் பிஞ்சு.

வகுப்பில் 'நிலக்கடலை' என்று மறுபடி எழுதி, குறுக்கே கோடு போட்டாள்.

"பிரின்சி சொன்னதுதான் சரி. நான் பாக்காம எழுதிட்டேன். அவளைக் கிண்டல் பண்ணதும் தப்பு."

யாரும் சிரிக்கவில்லை. வெற்றிச்செல்வன் கை தூக்கினான். "விழுது மண்ணைத் தொடலன்னா காய்க்குமா டீச்சர்?"

"எனக்குத் தெரியாது."

"நெஜமாவா?"

"நெஜமாதான். எப்படிக் கண்டுபிடிக்கலாம்?"

பிரின்சி நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: "கீழ கொட்டாங்குச்சி வெச்சிடலாம்."

பத்து விழுதுக்குக் கொட்டாங்குச்சி வைத்தார்கள். பத்தை அப்படியே விட்டார்கள். கொல்லைக்காரர் பெரியசாமி, "செடிய மிதிச்சீங்க, கால ஒடிச்சிடுவேன்," என்றார். பிறகு அவரே இரண்டு கொட்டாங்குச்சி கொண்டுவந்தார்.

தலைமையாசிரியர் அரங்கநாதனுக்குக் கவலை. "நாளைக்கு அதிகாரி ஆய்வுக்கு வர்றாரு. விடைய எழுதிப் போட்டு மனப்பாடம் பண்ண வெச்சிடுங்க டீச்சர்."

"விடை இன்னும் வரல சார்."

"பேஜாரு பண்ணாதீங்கம்மா. ரிப்போர்ட்டு எழுதிட்டாருன்னா இந்தக் கேள்வி வகுப்பே இருக்காது."

மறுநாள் அதிகாரி வந்தார். பலகையில் எழுதியிருந்த வெற்றிச்செல்வனின் கேள்வியைப் படித்தார்.

"யாராவது பதில் சொல்லுங்க, பாப்போம்."

தேவயானி பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

பிரின்சி எழுந்தாள். "இன்னும் தெரியாது சார். பின்னால கொல்லையில விழுதுக்குக் கீழ கொட்டாங்குச்சி வெச்சிருக்கோம். பதினஞ்சு நாள் ஆவும்."

"தெரியாதுன்றத இவ்ளோ சத்தமா சொல்றியே!"

"நீங்க என்னா நெனைக்கிறீங்க சார்? காய்க்குமா?"

அரங்கநாதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி பேனாவை மூடினார்.

"காய்க்கும்னுதான் நெனைக்கிறேன்."

"ஏன் சார்?" என்றாள் பிரின்சி.

அவர் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். பிறகு, "அந்தக் கொல்லை எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.