சலவைக்குப் போன சீட்டு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேருகிற எவருக்கும் முதல் நாள் சொல்லிக் கொடுப்பது ஒன்றே ஒன்றுதான்: பாக்கெட்டைப் பார். டாக்டர் கோட்டோ நர்ஸ் யூனிஃபார்மோ வார்டு ஆட்களின் காற்சட்டையோ, எதுவானாலும் பாக்கெட்டுக்குள் கையை விட்டுத் துழாவிய பிறகுதான் மெஷினுக்குள் போட வேண்டும். மூடியில்லாத ஒரு பேனா உள்ளே போனால் போதும், நாற்பது வெள்ளைக் கோட்டுகள் நீலப் புள்ளி போட்டுக்கொண்டு வெளியே வரும். அப்புறம் மேல்மாடியிலிருந்து திட்டு இறங்கும். அது சூப்பர்வைசர் வாயைத் தாண்டி இவர்களிடம் வந்து சேரும்போது நன்றாகக் கொழுத்திருக்கும்.

இந்தக் கூடத்தில் பாக்கெட் பார்க்கிற வேலை ஜெபக்காவுடையது. பன்னிரண்டு வருடமாக அந்த நீள மேஜையின் முன்னால் நின்று பேனா, கத்தரிக்கோல், கையுறை, பாதி தின்ற மிட்டாய் என்று எத்தனையோ எடுத்திருக்கிறாள். ஒருமுறை போர்வைச் சுருளுக்குள்ளிருந்து ஒரு முழுப் பல்செட் அவளைப் பார்த்துச் சிரித்தது. அவள் கையிலிருந்து இதுவரை ஒரு குண்டூசிகூடத் தப்பி மெஷினுக்குள் போனதில்லை என்று சூப்பர்வைசரே சொல்வார். அந்த மனிதர் ஒருவரைப் புகழ்வது அவருக்கே உடம்புக்கு ஆகாது.

ஜெபக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வேலை தொடங்கும் முன் அரை நிமிடம் கண்ணை மூடி நிற்பாள். முதலில் கேலி செய்தார்கள். பிறகு ஒருத்தியின் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது, "அக்கா, எங்க வீட்டுக்கும் சேத்து ஜெபம் பண்ணுங்க" என்றாள். அதோடு பெயர் ஒட்டிக்கொண்டது. மெஷின் இரைச்சலில் பேசினால் யாருக்கும் எதுவும் விளங்காது என்பதால், வார்டு பெயர் எழுதி மூட்டையில் கட்டுகிற சீட்டின் பின்பக்கத்தில் விஷயத்தை எழுதி, அவளைக் கடந்து போகும்போது அவள் ஏப்ரன் பாக்கெட்டில் செருகிவிட்டுப் போவார்கள். அவள் கை ஊரார் பாக்கெட்டில் இருக்கும். ஊரார் கை அவள் பாக்கெட்டில் இருக்கும்.

சாயந்திரம் பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிப்பாள். வீட்டுக்குப் போய் முழங்காலில் நின்று பெயர் பெயராகச் சொல்லி ஜெபிப்பாள். மறுநாள் மறக்காமல், "அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்று கேட்பாள். யாரையும் சபைக்கு வா என்று கையைப் பிடித்து இழுத்ததில்லை. அவள் செய்த ஊழியம் என்று சொன்னால் இந்த விசாரிப்புதான்.

இதெல்லாம் போன வருடம் வரைக்கும்.

போன வருடம் அவள் கணவர் இதே ஆஸ்பத்திரியில் நாலாவது மாடியில் படுத்தார். இருபத்தொரு நாள் உபவாசம் இருந்தாள். சபையே திரண்டு வந்து கட்டிலைச் சுற்றி நின்றது. போதகர் அவர் தலையில் கைவைத்து, "இவர் எழுந்து நடப்பார்" என்று ஜெபித்து முடித்தபோது, எல்லாரையும் விடச் சத்தமாக "ஆமென்" என்று சொன்னவள் அவள்தான். பக்கத்துக் கட்டில்காரர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கணவர் இறந்துபோனார்.

ஐந்தாம் நாள் வேலைக்கு வந்தாள். படுக்கை விரிப்போடு சுருண்டு கீழே வந்திருந்த அவருடைய மூக்குக்கண்ணாடியை யாரோ எடுத்துத் தட்டில் தனியாக வைத்திருந்தார்கள். அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த கோட்டை எடுத்துப் பாக்கெட்டைப் பார்த்தாள். "என்ன விசுவாசம் பாத்தியா! ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல" என்று எல்லாரும் மெச்சினார்கள். விசுவாசமும் இல்லை, ஒன்றும் இல்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட கன்னம் போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. கோபம் வந்தாலாவது கடவுளிடம் சண்டை போட்டிருப்பாள். அதுவும் வரவில்லை.

அன்றிலிருந்து அவள் ஜெபிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவாள், எல்லாரும் எழுந்தால் எழுவாள், பாட்டுக்கு வாயசைப்பாள். "ஆமென்" என்கிற இடம் வரும்போது மட்டும் வாய் இறுக மூடிக்கொள்ளும். சீட்டுகள் வருவது நிற்கவில்லை. யாராவது செருகினால், "ஜெபிக்கிறேன்" என்று பழக்கதோஷத்தில் சொல்வாள். வீட்டுக்குப் போனதும் பிரிக்காமல் சமையலறை பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிடுவாள். சிலருடைய காரியம் தானாகச் சரியாகிவிடும். "எல்லாம் உங்க ஜெபந்தான் அக்கா!" என்று ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். அவள் தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டல் பொய் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் உறுத்தாததுதான் பெரிய கொடுமை.

ரோலர் இஸ்திரியில் நிற்பவளுக்கு சைரன் என்று பெயர். எட்டு மெஷின் ஒன்றாக ஓடினாலும் அவள் குரல் தனியாகக் கேட்கும். ரகசியம் என்று அவள் தொடங்கினால் வாசலில் நிற்கும் லாரி டிரைவர்வரை தெரிந்துகொள்வார். அவளுக்கு எந்தச் சாமியும் கிடையாது. "என் மூட்டு வலிக்கு உன் ஆள்கிட்ட ஒரு அப்ளிகேஷன் போடேன், ஜெபக்கா. அர்ஜென்ட்னு மேல எழுது" என்று பத்து வருடமாகக் கிண்டல் செய்து வருகிறாள். ஆனால் ஒரு தடவைகூடச் சீட்டு கொடுத்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கொடுத்தாள். நாலாக மடித்த சீட்டு. பாக்கெட்டில் வைத்து மேலே ஒரு தட்டுத் தட்டினாள். கிண்டல் ஒன்றும் வரவில்லை. "இத மட்டும் மறந்துடாத" என்றாள்.

"ஜெபிக்கிறேன்" என்றாள் ஜெபக்கா. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் எல்லாரும் ஏப்ரனைக் கழற்றிக் கூடையில் போட வேண்டும். சனிக்கிழமை முதல் ஈட்டில் அவை துவைபடும். ஜெபக்காவும் கழற்றிப் போட்டாள். சனிக்கிழமை காலை ஊழியர்களின் ஏப்ரன் அத்தனையையும் அவளே எடுத்துத் துழாவினாள். தன்னுடையது வந்தபோது, இதில் என்ன இருக்கப்போகிறது என்று அப்படியே மெஷினுக்குள் தள்ளினாள்.

திங்கட்கிழமை வெளுத்து மடித்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டு பாக்கெட்டில் கைவிட்டால், சுண்டைக்காய் அளவில் கெட்டியாக ஒரு காகித உருண்டை. எடுத்துப் பார்த்தாள். பிரிக்க முயன்றால் ஓரம் பொடியாக உதிர்ந்தது. யாருடையது என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு ரோலர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே வேறு ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

"சைரன் வரலையா?"

"மூணு நாள் லீவாம்" என்றார் சூப்பர்வைசர். "காரணம் கேட்டா போனை வச்சுட்டா. பதினஞ்சு வருஷத்துல அவ லீவு போட்டு நான் பாத்ததில்ல. காது நிம்மதியா இருக்கேன்னு பாத்தா, என்னமோ வேலையே ஓட மாட்டேங்குது."

ஜெபக்கா உருண்டையைத் திரும்பப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். அதில் என்ன எழுதியிருந்தது? இந்த ஒரு கேள்வி மூன்று நாள் அவளோடு சுற்றியது. பதறவில்லை, அழவில்லை. கோட்டுகளுக்கு நடுவே அவ்வப்போது கை தானாகப் போய் உருண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. புதன்கிழமை வீட்டில் பிஸ்கட் டப்பாவைத் திறந்து மேஜையில் கவிழ்த்தாள். ஒரு வருடத்துச் சீட்டுகள் குவிந்து விழுந்தன. எத்தனை பேர், எத்தனை வீடு. ஒன்றைக்கூடப் பிரிக்க முடியாமல் எல்லாவற்றையும் அள்ளித் திரும்ப டப்பாவில் போட்டாள்.

வியாழக்கிழமை சைரன் வந்தாள். யாரோடும் வம்பளக்காமல் நேரே ரோலருக்குப் போய் நின்றாள். தேநீர் இடைவேளையில் விரிப்புகள் அடுக்கியிருக்கும் அலமாரிப் பக்கம் வந்து ஜெபக்காவின் அருகே நின்றுகொண்டாள்.

"வேண்டிக்கிட்டியா?" என்றாள். அவளால் முடிந்த அளவுக்குத் தாழ்ந்த குரலில்.

ஒரு வார்த்தைதான். ஆமாம் என்றால் முடிந்தது. ஒரு வருடமாக அந்த ஆமாமை அவள் ஊருக்கெல்லாம் வாரி வழங்கியிருக்கிறாள். ஆனால் அவளுக்குத் தெரிந்து சைரன் குரலைத் தாழ்த்திக் கேட்டது இதுதான் முதல் தடவை. ஜெபக்கா உருண்டையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதான் உன் சீட்டு. மெஷின்ல போயிடுச்சு."

"படிச்சுட்டுத்தானே போட்ட?"

"இல்ல. படிக்கவே இல்ல."

சைரன் உருண்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "எல்லார் பாக்கெட்டையும் பாக்குறவ..."

"என்னோடத மட்டும் பாக்கல. மெஷின்ல போகாட்டியும் படிச்சிருக்க மாட்டேன். அவர் போனதுலேருந்து நான் யாருக்கும் ஜெபம் பண்றதில்ல. ஜெபிக்கிறேன், ஜெபிக்கிறேன்னு எல்லார்கிட்டயும் பொய்தான் சொல்லிட்டிருக்கேன்."

சைரன் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. "அப்ப மூணு நாளா அந்த டாக்டர் ரூம் வாசல் பெஞ்சுல எத நம்பி உக்காந்திருந்தேன்?" என்று மட்டும் கேட்டாள். சைரன் உருண்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு ரோலருக்குத் திரும்பிப் போனாள்.

மத்தியானம் முழுக்க வேலை நடந்தது. கோட்டு, பாக்கெட், கோட்டு, பாக்கெட். முகத்தில் அறைந்திருந்தால்கூடத் தேவலை என்று ஜெபக்காவுக்குத் தோன்றியது. தனக்குள் இப்படி ஏதாவது தோன்றியே வெகுநாளாயிற்று என்பதையும் கவனித்தாள்.

மூன்று மணிக்கு ரோலர் நின்றது. ஷிப்டு முடியும் முன் ரோலரை நிறுத்துவது இந்தக் கூடத்தில் நடக்காத காரியம். சைரன் நேரே மேஜைக்கு வந்தாள்.

"மாருல கட்டி" என்றாள். "ஊசியில எடுத்து அனுப்பியிருக்காங்க. நாளைக்குக் காலையில ரிசல்ட். வீட்ல யாருக்கும் தெரியாது. எனக்கு மெதுவாப் பேச வராது, தெரியும்ல? வாயத் தொறந்தா தெருவுக்கே கேக்கும். அதான் எழுதிக் குடுத்தேன். இப்பப் பண்ணு."

"எனக்கு வரல."

"வர்ற மட்டும் பண்ணு."

ஜெபக்கா கண்ணை மூடினாள். "கர்த்தாவே" என்றாள். அடுத்த வார்த்தை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. மெஷின்கள் சுற்றுகிற சத்தம்தான் கேட்டது. கண்ணைத் திறந்து, இல்லை என்று தலையசைத்தாள்.

சைரன் ஒரு பெருமூச்சு விட்டாள். "சரி, தள்ளு. நானே சொல்லிக்கிறேன். உன் ஆள எப்படிக் கூப்பிடணும்?"

"சும்மா கூப்பிடு. போதும்."

சைரன் கண்ணை மூடவில்லை. கூரையில் ஓடும் நீராவிக் குழாய்களை அண்ணாந்து பார்த்தாள். பேசத் தொடங்கியதும், பாவம், அவளுடைய பழைய குரல் வந்துவிட்டது.

"ஐயா! இங்க பாருங்க! நான் உங்க கட்சி கிடையாது, நீங்களும் என்னைப் பாத்திருக்க மாட்டீங்க. எனக்கு மாருல கட்டி. நாளைக்கு ரிசல்ட் நல்லதா வரணும். வரலைன்னா அதத் தாங்குற தைரியம் வரணும், ஏன்னா இப்ப எனக்குச் சுத்தமா இல்ல."

மடிப்பு மேஜையில் கைகள் நின்றன. சூப்பர்வைசர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து நின்றார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சீட்டில் எழுதிய விஷயம் கூடம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. சைரனுக்கும் அது புரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"அடுத்தது இவளுக்கு. இவ புருஷன நீங்க எடுத்துக்கிட்டீங்க. ஏன்னு நான் கேக்கப்போறதில்ல. ஆனா இவ பேச்சையும் சேத்து எடுத்துட்டீங்களே, அது நியாயமா? பன்னெண்டு வருஷமா எங்க வீட்டு நல்லது கெட்டதெல்லாம் உங்ககிட்ட சொன்னவ. போன வாரம் வரைக்கும் நான் சீட்டே குடுத்ததில்ல, என்னையும் தினம் விசாரிப்பா, மூட்டு வலி எப்படியிருக்குன்னு. இவளுக்குச் சொல்ல ஆள் இல்ல. அதான் நான் சொல்றேன். அவ்வளவுதான்."

பேசி முடித்துவிட்டு, பாரம் இறக்கியவளைப் போல மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கடைசியில ஒண்ணு சொல்வீங்களே" என்றாள். "அத நீ சொல்லு. நான் சொன்னா செல்லுமோ செல்லாதோ."

கூடம் பார்த்துக்கொண்டு நின்றது. ஜெபக்காவின் வாய் வழக்கம்போல இறுகியது. நாலாவது மாடிக் கட்டில் நினைவுக்கு வந்தது, போதகரின் கை, தன் குரல். அந்த வார்த்தையை இனி ஒருநாளும் சொல்வதில்லை என்று அவள் யாரிடமும் சபதம் போடவில்லை. போகிறபோக்கில் அப்படி ஆகிவிட்டது. மேஜையைப் பிடித்திருந்த சைரனின் கை மேல் தன் கையை வைத்தாள்.

"ஆமென்" என்றாள்.

"காதுல விழல" என்றாள் சைரன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. குரல் மட்டும் மிரட்டியது. "மெஷின் ஓடுது. சத்தமாச் சொல்லு."

ஜெபக்காவுக்கு அழுகை வரவில்லை. உள்ளே எதுவும் திறந்துகொள்ளவுமில்லை. மரத்தது மரத்தபடிதான் இருந்தது. ஆனால் பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்க வேண்டும். அவள் மூச்சை இழுத்து, எட்டு மெஷினுக்கும் மேலே கேட்கும்படி, இன்னொரு முறை சொன்னாள்.