சாந்து வையாத வாசல்

வடக்கே கெடிலம் கடலிற் கலக்கும் கடலூரின் பழந்துறையும், தெற்கே நான்கு கோபுரங்கள் நிமிர்ந்து காக்கும் தில்லையும் எல்லைகளாக அமைய, இடையே உப்பங்கழியும் சவுக்கந்தோப்பும் மல்லாட்டை எனும் நிலக்கடலைக் கொல்லையும் மாறிமாறி விரிந்து கிடக்கும் அந்நெடுங்கரையின்மேல், கீழ்வானம் வெளுத்துத் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் கருங்கோடுகளாய்த் தோன்றத் தொடங்கிய தைத்திங்கட் காலைப்பொழுது அது. கடல்மேற் சென்ற படகுகள் கரை திரும்பின, பால்வண்டிகள் விரைந்தன, புதிதாய்ப் பிறந்த மாவட்டத்திற்குத் தலைநகர் எழுப்புவதற்கென அரசு தேர்ந்தெடுத்த மேட்டு நிலத்திலோ, மண்வாரும் பொறிகள் உறுமாமல் வாளா நின்றன. அவை ஏன் நின்றன என்பதே, நற்றமிழ் தோய்ந்த அன்பரே, யான் சொல்ல வந்த கதை.

தாளில் நகர் சமைப்பது எளிது; தாளில் மாமியாரும் இல்லை, மருமகளும் இல்லை, அண்டை வீட்டாரும் இல்லை. லால்பேட்டையிற் பிறந்து, கடலூர்ச் செம்மண்டலத்திற் குடியிருந்து, அத்தலைநகரின் தெருக்களையும் மனைகளையும் வகுக்கும் பொறுப்பை ஏற்றிருந்த நஜியாவுக்கு அவ்வுண்மை அன்றுதான் உறைத்தது. சிறு பருவத்தில், தன் பள்ளித்தோழி ஊர்த்தெரு வழியே வர அஞ்சி வரப்புச் சுற்றி வந்து வகுப்பில் மூச்சிரைக்க அமர்ந்ததைக் கண்டவள் அவள். தான் வகுக்கும் நகரில் சேரி என்று ஒரு திசையே இராது என நெஞ்சோடு உறுதி பூண்டு, நிலம் விட்டுக் குடிபெயரும் இரண்டு ஊரார்க்கும் குடவோலை முறையால், யார்க்கு யார் அண்டை என்று எவரும் முன்னறியாவண்ணம் மனை வழங்கத் திட்டமிட்டிருந்தாள்.

இரண்டு ஊர்களில் ஒன்று கீழைக்கொல்லை. பிறர் வயலில் உழைத்து உழைத்து ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பு. அவர்களுக்காக முன்னின்று பேசிய மலர்க்கொடி, திட்டத்தைக் கேட்ட நாளில் நஜியாவின் கைகளைப் பற்றிக்கொண்டு, “குலுக்கல மட்டும் உட்டுடாதீங்க மேடம். அதுல யாராச்சும் கை வச்சா எங்கள மறுபடியும் ஓரமாத் தள்ளிடுவாங்க,” என்றாள். விடமாட்டேன் என்று நஜியா வாக்களித்தாள்.

மற்றொன்று புன்னைத்துறை, கடல்வணிகத்தால் வளர்ந்த இசுலாமியக் குடும்பங்களின் ஊர். அவ்வூர்ப் பெண்கள்தாம் நிலமளப்போர் முன் கதவடைத்துப் பொறிகளை நிறுத்தியவர்கள். ஆடவரில் பலர் கடல் கடந்து உழைத்தனர். ஊரில் இருந்த சிலரோ, வீடு பெண்டிருடையது, நாங்கள் யார் சொல்வதற்கு என்று நழுவினர். உயர் அலுவலர் வைத்திலிங்கம் பொறுமை இழந்தார். “ஊரோட ஒத்துவாழ்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? ஊருக்கொரு தெருவக் குடுத்து முடிச்சுடுங்கம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆவலன்னா, நானே பிரிச்சுக் கோடு போட்டுடுவேன்,” என்றார். அக்கோடு ஒருமுறை விழுந்தால் நூறாண்டுக்கும் அழியாதென்பதை நஜியா அறிவாள்.

ஆகவேதான், அந்தத் தைத்திங்கட் காலையில் அவள் புன்னைத்துறை சென்று, பெண்டிரின் தலைவியாய் விளங்கிய ஆசியா உம்மாளின் கதவைத் தட்டினாள். ஆசியா உம்மாள் வந்தவளை வரவேற்றுத் தேநீர் தந்தார். மறுப்பையும் உடன் தந்தார். பக்கத்தில் யாரோ எவரோ வந்தால் பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது என்றார். அவ்வச்சத்தின் போர்வைக்குள் பழைய இறுமாப்பும் சற்றே ஒளிந்திருந்ததை யான் மறைப்பானேன்? ஆனால் அச்சம் மட்டுமே அங்கு இல்லை. எழுந்து சென்று, கொல்லைச் சுவரைக் காட்டினார். ஒரு வாசலின் அகலத்திற்குச் சாந்து வையாமல் வெறுமனே அடுக்கிய செங்கற்கள் அங்கே இருந்தன.

நஜியாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. கதவடைப்புக்கு முன்பே வந்து, அவ்வூர் வீடுகள் பலவற்றிலும் இதனைக் கண்ட அவளுடைய அளவையாளர், சிதைந்த சுவர் என்றே குறித்திருந்தனர்; அவளும் ஆமென்று ஒப்பமிட்டிருந்தாள். உண்மையோ வேறு. மகள் பிறந்தால், கொல்லைச் சுவரில் ஒரு வாசலளவு சாந்தின்றி அடுக்கிவைப்பது அவ்வூர் வழக்கம். அவள் மணம் முடிக்கும் நாளில் கற்களை எடுத்து, அப்பால் அவளுக்கென எழுந்த வீட்டிற்கு வழி திறப்பர். தாய்வீட்டுக்குப் பின்னே மகள் வீடு, தமக்கைக்குப் பின்னே தங்கை வீடு எனப் பேறுகாலமும் நோயும் துயரமும் அவ்வழியேதான் பகிர்ந்துகொள்ளப்பட்டன.

“நீ தெருவப் பாத்துக் கோடு போட்டுட்ட மவளே,” என்றார் ஆசியா உம்மாள். “நாங்க தெருவுல எங்க வாழ்றோம்? எந் தங்கச்சிய நாலு தெரு தள்ளிப் போட்டுட்டா, ராத்திரி நெஞ்சு வலிச்சா நான் யாரக் கூப்புடுவேன்?”

நஜியா அக்கற்களின்மேல் கை வைத்து, ஒன்றை மெல்ல அசைத்துப் பார்த்தாள். பின்பு சட்டென்று சிரித்துவிட்டாள். வாசல் பார்க்கும் தெரு வேறு, கொல்லை சேரும் வீடு வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணியதன்றோ தன் பிழை! முதுகோடு முதுகு சேர்ந்த இரண்டு மனைகளை ஓர் ஓலையாக்கி, உடன்பிறந்தார் இருவர்க்கும் சேர்த்து வழங்கினால், பின்புறம் உறவு பிரியாது. ஒவ்வொருவர்க்கும் இடமும் வலமும் எவர் என்பதை மட்டும் குடமே முடிவு செய்யும்.

மலர்க்கொடி எளிதில் இசையவில்லை. கொல்லையை ஒட்டவைப்பதாகச் சொல்லித் தெருவைப் பிரித்துவிட மாட்டீர்களே என்று துருவித் துருவிக் கேட்டாள். பின்பு, தன் தமக்கையும் கொல்லைப்புறத்திற்கு வருவாள் என்பது மெல்ல உறைக்க, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல், தொழுகை முடிந்தபின், பள்ளிக்கூட வெளியில் இரண்டு ஊரும் கூடின. குடத்தினுள் கையை விட்டு ஆசியா உம்மாள் ஓர் ஓலை எடுத்தார். அடுத்து மலர்க்கொடி எடுத்தாள். விழுந்த மனைகள் ஒரே தெருவில், ஒரே பக்கச்சுவரைப் பகிர்வன. கைகட்டி நின்ற வைத்திலிங்கம், இதோ உடைந்தது என்பார்போல நஜியாவைப் பார்த்தார். ஆசியா உம்மாள் ஓலையைப் பார்த்தார். தங்கைக்குரிய பின்புறத்து மனையின் எண்ணும் அதிலேயே இருக்கக் கண்டார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “விழுந்தது விழுந்தபடி இருக்கட்டும்,” என்றார். மறுநாட் காலை பொறிகள் உறுமின.

ஓராண்டு உருண்டது. தில்லையிலிருந்தும் கடலூரிலிருந்தும் பேருந்துகள் புதுத் தலைநகருக்குள் நுழையத் தொடங்கின. சுவர்கள் எழும்பிக்கொண்டிருந்த அத்தெருவைக் காண வந்தாள் நஜியா. ஆசியா உம்மாளின் வீட்டில், தங்கையை நோக்கிய கொல்லைச் சுவரில் வாசல் முன்பே திறந்திருந்தது. ஆனால் மலர்க்கொடியின் வீட்டோடு பொதுவான பக்கச்சுவரில், சுவர் கட்டும் கொற்றன் ஒரு வாசலளவு செங்கற்களைச் சாந்தின்றி அடுக்கிக்கொண்டிருந்தான். இது யார் சொன்னது என்று வியந்து நின்ற மலர்க்கொடியிடம், ஆசியா உம்மாள் நிமிர்ந்தும் பாராமல் மறுமொழி தந்தார்.

“ஒனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குல்ல மலரு. பொண்ணுங்க இருக்குற பக்கம் வழி வைக்கறதுதான எங்க வழக்கம்.”

நஜியா அங்கேயே, குவித்த மணல்மேல், ஆடையில் மண் ஒட்டுவதையும் பாராமல் அமர்ந்துவிட்டாள். வென்றேன் என்று உரக்கக் கூவவேண்டும்போல் இருந்தது அவளுக்கு, கூவவில்லை. அன்பரே, மன்றங்களும் மாளிகைகளும் எழுந்த பின்பே தலைநகர் பிறந்ததென ஏடுகள் எழுதிக்கொள்ளட்டும். அது பிறந்தது, அவ்வாசலில் கொற்றன் சாந்துக் கரண்டியைக் கீழே வைத்த அப்பொழுதில்தான்.