லாவோஸ் போகும் வழியில் எம்.ரெட்டியபட்டி

சௌந்தர் வெளிநாடு போகப்போகிறார் என்பது அருப்புக்கோட்டையில் அவருக்குத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். எப்போது என்பது மட்டும் அவருக்கே தெரியாது. கல்யாணமான புதிதில் ஸ்ரீமதியிடம், "ஒரு மாசம் ஃபாரின் கூட்டிட்டுப் போறேன் பாரு" என்று வாயை விட்டுவிட்டார். அதை நம்பி எடுத்த பாஸ்போர்ட் ரெண்டும் ஒரு முத்திரைகூட விழாமல் பீரோவிலேயே காலாவதியாகி, புதுசும் எடுத்தாயிற்று. இதுவரை அவளைக் கூட்டிக்கொண்டு போன அதிகபட்ச தூரம் குற்றாலம். அதுவும் வேனில், மாமியார் நாத்தனார் சகிதம்.

மகள் கல்யாணமும் முடிந்துவிட்ட பிறகு சொல்லிக்கொள்ளச் சாக்கு எதுவும் மிச்சமில்லை. வீட்டுப் பவர்லூம் தறி ஓடுகிற சத்தத்திலேயே காதில் ஒயரை மாட்டிக்கொண்டு வீடியோ பார்க்க ஆரம்பித்தார். சிங்கப்பூர், மலேசியா, துபாயெல்லாம் அவர் கணக்கில் வெளிநாடே இல்லை. அங்கே போய்விட்டு வந்து நிம்மதியாக ஒரு பொய் சொல்ல முடியாது, தெருவுக்கு நாலு பேர் திருத்த இருக்கிறார்கள். மச்சினன் மதன்குமார் சிங்கப்பூரில் நாலு நாள் இருந்துவிட்டு வந்து நாலு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறான். ஆகவே ஊர்க்காரன் எவனும் கால் வைக்காத நாடு வேண்டும். ஒரு மாசம் தங்கினாலும் கையைக் கடிக்கக் கூடாது. சோறு கிடைக்க வேண்டும். ஜார்ஜியாவில் குளிரும் ரொட்டியும். கிர்கிஸ்தானில் குதிரைப்பால் குடிப்பார்களாம். கடைசியில் லாவோஸ் சிக்கியது. மூன்று வேளையும் சோறு, பக்கத்திலேயே பெரிய ஆறு, ரூம் வாடகை கொடைக்கானலைவிடக் கம்மி.

"அது எங்க மச்சான் இருக்கு?" என்று டீக்கடையில் வைத்துக் கேட்டான் மதன்குமார்.

"தாய்லாந்துக்குப் பக்கத்துல."

"அப்ப தாய்லாந்துக்கே போயிர வேண்டியதுதான?"

"அங்க எல்லாப் பயலும் போயிட்டான்ல?"

"கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்" என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. சௌந்தர் யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை. சொன்னதில் தப்பும் இல்லை.

ஸ்ரீமதி எந்த நாடு என்றுகூடக் கேட்கவில்லை. மதுரைக்குப் போய் ஒரு ஜோடி ஷூ வாங்கி வந்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு தினமும் காலையில் மொட்டை மாடியில் அதைப் போட்டு நடந்தாள். "புது ஷூ கடிக்கும். கடிக்கிறதை இங்கயே கடிச்சு முடிக்கட்டும்" என்றாள். அந்த நடையைப் பார்த்தபோதுதான் சௌந்தருக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. அவள் நிஜமாகவே நம்பிவிட்டாள்.

ஒருநாள் செல்போனில் பார்த்தால் டிக்கெட் அடிமாட்டு விலைக்கு விழுந்து கிடந்தது. அந்தத் தேதியில் ஒரு பயலும் கிளம்ப மாட்டான் போலிருக்கிறது, நமக்கென்றே வைத்திருக்கிறார்கள் என்று பூரித்துப்போய்ப் பணத்தைக் கட்டிவிட்டார்.

மறுவாரம் அம்மன் கோயில் நோட்டீஸ் வந்தது. பங்குனிப் பொங்கலுக்குச் செவ்வாய்க்கிழமை காப்புக்கட்டு. காப்புக் கட்டிவிட்டால் பொங்கல் முடிகிறவரைக்கும் ஊரில் இருப்பவர்கள் வெளியே போய் ராத்தங்கக் கூடாது. சௌந்தரின் டிக்கெட் அதே வாரம் வெள்ளிக்கிழமைக்கு. இந்த ஊரில் பொண்ணு பார்க்கப் போகிறவன்கூட முதலில் காப்புக்கட்டு எப்போது என்று விசாரித்துக்கொள்வான். லாவோஸில் எந்த மாசம் மழை பெய்யும் என்று விரல்நுனியில் வைத்திருந்த மனுஷருக்குச் சொந்த ஊர்ப் பங்குனி மறந்துபோயிற்று.

"ஆத்தா காரியம். கேன்சல் பண்ணிருங்க மச்சான், ஒருத்தரும் தப்பாச் சொல்ல மாட்டாக" என்றான் மதன்குமார்.

துக்கப்படுகிற மாதிரி தலையை ஆட்டினார் சௌந்தர். உள்ளுக்குள்ளே பழம் நழுவிப் பாலில் விழுந்திருந்தது. விமானம் ஏற வேண்டாம், இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டாம், வீடியோவில் பார்த்த அந்த ஒட்டுச் சோற்றை உருட்டித் தின்ன வேண்டாம். பணம் போனாலும் பக்திமான் என்று பேர் கிடைக்கும். இவ்வளவு காலமும் நாடு தேடியதே போகாமலிருக்கத்தானோ என்று தோன்றியபோது தன்மேலேயே அவருக்கு ஒரு அருவருப்பு வந்தது.

வீட்டுக்கு வந்தால், ஸ்ரீமதி ஷூவை ஈரத்துணியால் துடைத்து அட்டைப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். நோட்டீஸை அவளும் பார்த்திருக்கிறாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தப்பித்திருப்பார். இது இப்படித்தான் ஆகும் என்று முன்பே தெரிந்த முகமாக இருந்தது அது.

"மூடாத. காப்புக் கட்டுறதுக்கு முந்தியே ஊரைவிட்டுக் கிளம்பிருவோம்" என்று சொல்லிவிட்டார் சௌந்தர். சொல்லி முடித்த மறுநிமிஷமே வருத்தப்பட்டார்.

திங்கட்கிழமை கிளம்பினார்கள். மதுரை லாட்ஜ் வாடகையைப் போனில் கேட்டு மலைத்துப்போய், பக்கத்தில் எம்.ரெட்டியபட்டியில் ஸ்ரீமதியோடு படித்த கனகலட்சுமி வீட்டில் போய் இறங்கினார்கள். செலவில்லாத இடம், அதிகம் பேருக்குத் தெரியாத ஊர். லாவோஸுக்கு அவர் தேடிய தகுதியெல்லாம் இதற்கும் இருந்தது.

முதல் ராத்திரியே சௌந்தருக்குத் தூக்கம் வரவில்லை. பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் தூங்கியவர். இங்கே ஒரு சத்தமும் இல்லை, அது காதை அடைத்தது. தண்ணீர் வேறு ருசி. காப்பி பாயசம் மாதிரி இனித்தது. இன்னொருத்தர் வீட்டுக் கக்கூஸில் அவருக்கு எதுவும் நடக்கவில்லை.

கனகலட்சுமியின் புருஷன் பால்சாமி பருத்தி விவசாயி. "ஏண்ணே, லாவோஸ்ல தறி ஓட்டித் தூங்க வைப்பாகளா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

ஸ்ரீமதியோ ஷூவை மாட்டிக்கொண்டு கரிசல் காட்டு வரப்பில் காலையும் சாயங்காலமும் நடந்தாள். பருத்தி எடுக்கிற பெண்கள் சேலைக்குக் கீழே ஷூவைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து சௌந்தர் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை காலையில் ஷேர் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. காப்புக் கட்டிய அருப்புக்கோட்டைக்குள் இறங்காமல் பைபாஸிலேயே மதுரை பஸ் பிடித்து, அங்கிருந்து சென்னை போக வேண்டும். உள்ளே ஏற்கெனவே ஐந்தாறு பேர். பெட்டிகள் மேலே ஏறியாயிற்று. சௌந்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்ரீமதியின் காதருகே, வீட்டில் பேசுகிற கன்னடத்தில் முணுமுணுத்தார். உடம்புக்குச் சரியில்லை, அடுத்த வருஷம் பார்ப்போம், இப்போதைக்குக் கொடைக்கானல் போகலாம் என்று.

அவர்கள் வீட்டுச் சண்டையெல்லாம் கன்னடத்தில்தான் நடக்கும். இத்தனை வருஷத்தில் அவர் வண்டவாளம் எதுவும் வெளியே தெரியாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். ஸ்ரீமதி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்தாள். பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாம் அதில் இருந்தது. பிறகு, தெருவுக்கே கேட்கும்படி, நல்ல ஊர்த் தமிழில் கேட்டாள்:

"பயமா இருந்தா வீட்டுக்குப் போங்க. நான் மட்டும் போயிட்டு வாரேன். என்ன, வாரீகளா, இல்லையா?"

ஆட்டோவுக்குள் இருந்த அத்தனை பேரும் சௌந்தரைப் பார்த்தார்கள். பால்சாமி சிரிப்பை அடக்க மீசையைத் தடவிக்கொண்டார். டிரைவர் எஞ்சினை உறுமவிட்டான். அவள் சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே போய்விடுவாள் என்று சௌந்தருக்குத் தெரிந்தது. வயிற்றிலிருந்து கையை எடுத்தார். ஓடிப்போய்த் தொற்றி ஏறினார். ஸ்ரீமதி நகர்ந்து இடம் விட்டாள்.

பருத்திக் காடு தாண்டியதும் சௌந்தர் அவள் பக்கம் திரும்பினார்.

"அங்க காப்பி கிடைக்குமா?"

"காப்பி அங்க விளையுதாம்" என்றாள் ஸ்ரீமதி. "நானுந்தான் வீடியோ பார்த்தேன்."