பூனைக்குத் திரும்பும்

...பூனைக்குத் திரும்பும், நாய்க்குக் கொஞ்சம் திரும்பும், மாட்டுக்கும் குதிரைக்கும் திரும்பவே திரும்பாது, இதைத்தானே மதியம் முழுக்கக் கத்தினோம் என்று நினைத்தபடி பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்தாள் உம்மே ஹானி, தொண்டை வறண்டதுதான் மிச்சம், கால்நடை மருத்துவம் படிக்க வந்த பிள்ளைகளுக்கு முழங்கை மூட்டு என்றால் கொட்டாவி, மேஜைக்கு ஒரு விலங்கின் எலும்பை எடுத்து வைத்தாலும் கொட்டாவி, மாட்டுக்கு முன்னங்காலின் இரண்டு எலும்பும் ஒட்டிப்போயிருக்கும், அத்தனை பாரத்தைத் தாங்க அதுதான் வசதி, மடக்கலாம் நீட்டலாம், பாதத்தைத் திருப்புகிற வேலை அதற்கு எதற்கு... பூனைக்குத்தான் ரேடியஸ் என்கிற முன்னங்கால் எலும்பின் தலை இருந்த இடத்திலேயே உருளும், அதனால்தான் எலியைப் புரட்டிப் புரட்டி விளையாடுகிறது என்று சொன்னபோது பின்வரிசையில் ஒருத்தன் விழித்துக்கொண்டு, "மனுஷனுக்கு மேடம்?" என்றான். மனுஷனுக்கு நன்றாகத் திரும்பும், உள்ளங்கை வானத்தைப் பார்க்கிற அளவுக்கு, என்று சொல்லிவிட்டு போர்டு பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள். பொய்யா அது? எல்லா மனுஷருக்குமா திரும்புகிறது?

ராயப்பேட்டைக்குள் நுழைந்ததும் பஸ் நின்றுவிட்டது, மெட்ரோவுக்குத் தோண்டுகிறார்களாம், நிற்கட்டும், நன்றாக நிற்கட்டும், வீட்டுக்குப் போனால் அம்மாவின் கைதான், அம்மியின் கைதான் காத்துக்கொண்டிருக்கும். ரம்ஜானுக்கு முன்னால் பரணிலிருந்து பெரிய பிரியாணி தேக்சாவை இறக்குகிறேன் என்று இந்த வயதில் ஸ்டூலில் ஏறச்சொன்னது யார், விழுந்ததில் வலது முழங்கை போச்சு, ஆபரேஷன், கட்டு, எல்லாம் முடிந்து இப்போது மடங்குகிறது, நீள்கிறது, உள்ளங்கை மட்டும் மேலே திரும்பமாட்டேன் என்கிறது. பிசியோதெரபி பெண் தெளிவாகச் சொல்லிவிட்டாள், "இந்த மாசத்துக்குள்ள திருப்பிடணும் மேடம், அப்பறம் அப்படியே நின்னுடும்." திருப்புவது யார்? எலும்பைப் பற்றிப் பாடம் நடத்துகிற மகள் இருக்கிறாளே. தினமும் சாயங்காலம் எண்ணெய் தடவி, முழங்கையை இடுப்போடு அழுத்திப் பிடித்து, மணிக்கட்டைத் திருகி... அம்மி கத்தமாட்டாள், முந்தானை நுனியைக் கடித்துக்கொண்டு யா அல்லா, யா அல்லா என்று முனகுவாள், அதற்கு ஓங்கி நாலு அறை விட்டாலும் தேவலை. வேளச்சேரியில் இருக்கிற தம்பி சைஃப் போனில், "விடாம செய்யி ஆபா" என்கிறான், சொல்வதற்கு என்ன, அவனா பிடித்துத் திருகுகிறான்.

மணிக்கூண்டில் இறங்கி நடந்தாள், அந்தி மக்ரிப் பாங்கு சொல்லி நேரமாகியிருந்தது. கதவு சும்மா சாத்தியிருந்தது. அம்மி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுது முடித்து துஆ கேட்கக் கையேந்தியிருந்தாள், இடது உள்ளங்கை மேலே பார்த்தது, வலது ஒருக்களித்து நின்றது, அதையும் மேலே பார்க்க வைப்பதற்காக அம்மி உடம்பையே வலது பக்கம் சாய்த்திருந்தாள், நாற்காலியிலிருந்து விழுந்துவிடுவாளோ என்று ஹானி ஓரடி எட்டி வைத்தாள். அம்மி இடது கையால் மட்டும் முகத்தைத் தடவிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"எண்ணெய எடுக்காத ஹானி. இன்னிக்கு வாணாம். நாளிக்கும் வாணாம்."

"இன்னும் நாள் இருக்கு அம்மி, திரும்பிடும்."

"சாஞ்சிக்கினே கேட்டுக்கறேன் பேட்டா. அல்லா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான்."

வாதாட வேண்டும், விட்டால் அவ்வளவுதான், மாட்டுக்கு ஒட்டிக்கொண்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும், திட்டியாவது உட்கார வைக்க வேண்டும், நல்ல மகள் அதைத்தான் செய்வாள்... ஆனால் கை தானாக எண்ணெய் பாட்டிலை எடுத்து அலமாரிக்குள் பின்னால், கண்ணில் படாத இடத்துக்குத் தள்ளியது. நெஞ்சுக்குள் முதலில் வந்தது அப்பாடா. எங்கே ஒளிந்திருந்தது இந்த அப்பாடா, எத்தனை நாளாக? ஒவ்வொரு வேளையும் தொழுகை விரிப்பில் உட்கார்ந்து அம்மியின் கை திரும்ப வேண்டும் என்றுதானே கேட்டாள்? இல்லை, அம்மியின் வாயிலிருந்து போதும் என்ற ஒரு வார்த்தை வந்துவிட வேண்டும் என்றா? சமையலறைக்குள் போயிருந்த அம்மி, "தொழலியா, நேரம் போவுதே" என்று குரல் கொடுத்தாள். கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வந்தாள், தொழுதாள், கையைத் தூக்கினாள். இரண்டு உள்ளங்கையும் லேசாக, ஒரு வலியும் இல்லாமல் மேலே திரும்பின, என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை...