டைம்கீப்பரின் முகவரியில் விளம்பரங்கள்

எதிர் ஃபிளாட்டுக்குக் குடிவந்தவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கண்டுபிடிக்க எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று. வழக்கமாக மூன்று நாளில் முடித்துவிடுவேன். மனுஷன் காலையில் கிளம்புவதில்லை, அதனால் மாலையில் திரும்புவதும் இல்லை. ஆனால் புது ஃபிரிட்ஜ் மட்டும் வந்து இறங்குகிறது. கடைசியில் துணி காயப்போடும் சாக்கில் மொட்டைமாடியில் மடக்கினேன்.

"பேர் வாங்குறேங்க்கா."

"யார் பேரை?"

"வெப்சைட் பேரு. வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்கணும். மறந்துட்டாங்கன்னா ஏலத்துக்கு வந்துரும். நான் எடுத்து விளம்பரம் போட்டுருவேன்."

"வெறும் பேருக்கு எவன் வருவான்?"

"கடையை மூடின பிறகும் பழக்கத்துல வந்து ஷட்டரைப் பார்த்துட்டுப் போறவங்க இருப்பாங்கல்ல? அந்த ஷட்டர்தான் நம்ம இடம். வர்றவங்க விளம்பரத்தை அழுத்தினா எனக்குக் காசு."

அன்றிலிருந்து அவர் எங்கள் குடியிருப்பில் 'பேர்க்காரர்'. ஆள் போன வீட்டில் போய்ப் பாய் விரிக்கிற பிழைப்பு என்று நாலு வீட்டில் சொல்லிவைத்தேன். அதற்காக அவர் கொடுத்த வைஃபை பாஸ்வேர்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. பேச்சு வேறு, சீரியல் வேறு.

அவருக்கு நேர் கீழே, தரைத்தளத்தில், டைம்கீப்பரம்மா. அவருடைய வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். வீட்டிலும் அதே உத்தியோகம்தான். நான் வேலைக்குப் போன காலத்தில் அவர் ஜன்னல்தான் எனக்குக் கடிகாரம். "முதல் மாடி! ஏழு பத்து பஸ் முனை திரும்பிருச்சு!" என்று ஒரு குரல் வரும். ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் டிபன் பாக்ஸோடு இறங்குவேன். இப்போது அந்த பஸ்ஸும் இல்லை, என் வேலையும் இல்லை. காலையில் அந்த நேரத்துக்கு மட்டும் காது தானாக நிமிர்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு மனுஷன் சும்மா இருக்கவில்லை. ஒற்றை விரலால் தட்டித் தட்டி, தன் டிப்போ பஸ்களின் நேரத்தையெல்லாம் ஒரு வெப்சைட்டில் ஏற்றினார். ஆஸ்பத்திரி, காலேஜ் என்று எல்லாரும் தங்கள் வெப்சைட்டிலிருந்து அதற்கு வழிகாட்டினார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் போய்ச் சேர்ந்தார். நெட் இணைப்பும் அவரோடு போயிற்று. "அவர் எழுதினதை ஒரு தடவை பார்க்கணும்போல இருக்கு" என்று டைம்கீப்பரம்மா ஒருநாள் சொன்னபோது, மேல்வீட்டு பாஸ்வேர்டை நான்தான் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். தானம் செய்யும்போது அடுத்தவர் பொருளாக இருந்தால் எனக்குத் தாராளமாகக் கை வரும்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் கழித்து ஒருநாள் காலை, பேர்க்காரர் என் கதவைத் தட்டினார். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, விளம்பரக் கம்பெனிக்காரன் என் கணக்கையே மூடிட்டான். நானே என் விளம்பரத்தை அழுத்திக் காசு பார்க்கிறேனாம்."

"அடப்பாவமே!"

"ஒரு பழைய பஸ் டைம் சைட்டு. தினமும் காலைல முப்பது தடவை அழுத்தியிருக்காங்க. அதுவும் என் வீட்டு லைன்லேருந்தே! பாஸ்வேர்டு உங்க ஒருத்தருக்குத்தான் குடுத்தேன்."

பஸ் டைம் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அவரைக் கூட்டிக்கொண்டு படியிறங்கும் வரை வாயைத் திறக்கவில்லை. இந்தக் குடியிருப்பில் அது ஒரு சாதனை.

டைம்கீப்பரம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு டேப்லெட்டின் முன் உட்கார்ந்திருந்தார். திரையில் முட்டிவலி பெல்ட். அழுத்தினார். அப்புறம் மெத்தை. அதையும் அழுத்தினார்.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் பேர்க்காரர்.

"பேப்பர்ல முதல் பக்கம் பூரா விளம்பரம் வருதுல்ல தம்பி? திருப்பினா உள்ள சேதி இருக்கும். இதுல எவ்வளவு திருப்பினாலும் அவர் வரமாட்டேங்கிறார்."

பேர்க்காரர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இந்த சைட்டு உங்க வீட்டுக்காரரோடதா?"

"ஆமா. நீங்க பார்த்திருக்கீங்களா?"

"வாங்கினதே நான்தான்மா. எத்தனை இடத்துலேருந்து இதுக்கு வழி இருக்குன்னு மட்டும் பார்ப்போம். படிக்கிறதில்ல."

புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதமெல்லாம் வீட்டுக்காரர் போன பிறகு யாரும் திறக்காத அவர் மெயிலில் கிடந்திருக்கிறது. டைம்கீப்பரம்மா கோபப்படவில்லை. "அப்ப அவர் எழுதினது போயே போச்சா?" என்று மட்டும் கேட்டார்.

பழைய பக்கங்களைப் படியெடுத்து வைக்கிற இடம் ஒன்று நெட்டில் உண்டாம். அங்கே போய்த் தேடினார் பேர்க்காரர். படங்கள் இருந்த இடத்தில் வெறும் கட்டங்கள். எழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

"இதை வேற பேர்ல போட்டுத் தரேம்மா. இந்தப் பேரை டிக்கெட் விக்கிற கம்பெனி ஒண்ணு கேக்குது. கணக்கும் போச்சு, இதை வித்தாத்தான் எனக்குக் கொஞ்சமாவது தேறும்."

"தெரு மாறிப் போனா நான் எப்படிப்பா தேடிப் போவேன்? எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு முகவரிதான். அவர் சொல்லச் சொல்ல நான்தான் நோட்டுல எழுதிவச்சேன்."

பேர்க்காரர் திரையை மேலே தள்ளிக்கொண்டே போனார். நான் சத்தமாகப் படித்தேன். 'ஐந்து நாற்பது வண்டியில் கடைசி சீட் தூக்கிப் போடும். கர்ப்பிணிகள் முன்னால் உட்காரவும்.' 'மழை என்றால் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளவும். டிரைவரைத் திட்ட வேண்டாம்.' 'வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் பதற வேண்டாம். அடுத்த வண்டியிலும் இதே டிக்கெட் செல்லும்.'

கடைசி வரியில் பேர்க்காரர் சிரித்துவிட்டார். அந்த மாதத்தில் அவர் சிரித்தது அன்றுதான்.

"ரெண்டு நாள் குடுங்கம்மா" என்று எழுந்து போனார். டிக்கெட் கம்பெனிக்கு இல்லையென்று சொல்லிவிட்டார் என்பதைச் சுவர் வழியாகக் கேட்டேன். விளம்பரக் கம்பெனிக்கு மனு போட்டிருக்கிறார், இன்னும் பதில் இல்லை. மறுபடி பேர் தேடிக்கொண்டிருக்கிறார். ஆனால் இப்போது வாங்குவதற்கு முன் உட்கார்ந்து படிக்கிறார். எப்படி உருப்படப்போகிறாரோ.

பழைய முகவரியிலேயே பக்கம் திரும்பி வந்த மறுவாரமே, ஏழு பத்துக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்து ஏமாந்த ஒருவர் திட்டி எழுதிவிட்டார். 'இது பழைய நேரம்' என்று ஒரு வரி போட வேண்டியதாயிற்று. "போடுங்க. ஆனா வேற கலர்ல போடுங்க. அவர் தப்பா எழுதினதா யாரும் நினைக்கக்கூடாது" என்றார் டைம்கீப்பரம்மா.

ஏழு பத்துக்கு நேராக இருந்த குறிப்பை அன்றுதான் நான் பார்த்தேன். 'முதல் மாடியிலிருந்து ஒரு பெண்மணி ஓடி வருவார். ஒரு நிமிடம் நிறுத்தலாம். பேசிக்கொண்டே ஏறுவார், படியில் கவனம்.'

டிரைவர்களெல்லாம் படித்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி, காலேஜ், எல்லாரும் படித்திருக்கிறார்கள். எனக்காக ஒரு பஸ் தினமும் நின்றிருக்கிறது. இந்தக் குடியிருப்பில் ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு எனக்குத் தெரியவந்த சேதி அது ஒன்றுதான்.